மழைக்கு ஒதுங்கிய இடங்கள்: பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து பத்துமலை வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்ப நேரம் இல்லாதவங்க சேமித்து வைத்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிங்க.

தைப்பூசம் தமிழ்நாட்டில் காய்ந்த காலத்துத் திருவிழா. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, கையில் நாலு காசு இருக்கும்போது பழநிக்கு நடப்பாங்க. காரைக்குடி பக்கத்து நகரத்தார் காவடி எடுத்து நடந்தே பழநி போய், நடந்தே திரும்புறாங்க. அவங்களுக்கு விடியற்காலைப் பனிதான் தொல்லை, மழை இல்லை. நம்ம தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினபோது அந்த நாள்காட்டியைக் கொண்டு வந்தாங்க. அந்த ஊர் வெயிலையும் மழையையும் கொண்டு வர முடியலை. அங்கே ஆடிப்பெருக்குக்குக் காவிரியின் புது வெள்ளத்தைக் கும்பிடுற சமயம், இங்கே சிலாங்கூர் கடலோரத்தில் மழை குறைஞ்ச மாதம். பங்குனி உத்திரத்துக்கு அங்கே வெயில் கொளுத்தும், இங்கே மத்தியானம் மூணு மணிக்கு இடி இடிக்கும். தைப்பூசம் வர்றதோ வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதியில். 1926 டிசம்பர், 1971 ஜனவரி, 2021 டிசம்பர், இந்த மூன்று பெரிய வெள்ளமும் தைப்பூசத்துக்குச் சில வாரம் முன்னால் வந்தவைதான்.

அதனால் மழையில் நனையாமல் பத்துமலைக்கு நடக்கணும்னு நினைக்கிறது இந்த நாட்டுக்குப் பொருந்தாத ஆசை. இதை ஏன் சொல்றேன்னா, இந்த வருஷம் நடை வேண்டாம், பஸ் பிடிச்சிடலாம்னு நம்ம குழுவில் பேச்சு வந்திருக்கு. போன முறை முதல் நாள் முழுக்க நனைஞ்சதுதான் காரணம்னு சொல்றாங்க. பஸ் கேட்கிறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க சொல்றதிலும் நியாயம் இருக்கு, அதைப் பிறகு சொல்றேன். ஆனா முடிவு எடுக்கிறதுக்கு முன்னால், அந்த ஒரு நாளில் நாம எங்கெங்கே ஒதுங்கினோம், அந்த இடங்கள் என்ன இடங்கள்னு ஒரு தடவை சேர்ந்து பார்த்துடலாம். வெயில் அடிச்சிருந்தா அந்த இடத்தையெல்லாம் நாம திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

மழை என்றால் தோட்டத்தில் என்னன்னு இப்ப உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது. விடியும் முன்னே பெரட்டுக்கு நிக்கணும். ராத்திரி மழை பேஞ்சு மரம் நனைஞ்சிருந்தா வெட்ட முடியாது. பட்டை ஈரமா இருந்தா பால் கோடு வழியா ஓடாமல் மரத்து மேலேயே பரவிப் போயிடும். மங்குல பாலுக்குப் பதிலா தண்ணி நிக்கும். கிராணி வானத்தைப் பார்ப்பார், கங்காணி மரத்தைத் தொட்டுப் பார்ப்பார், ஜனங்க அவங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்ப்பாங்க. வெட்டு இல்லைன்னா அன்னிக்குக் கூலி இல்லை. நாள் கூலிக்குப் பதிலா மாதச் சம்பளம் வேணும்னு தோட்டத் தொழிலாளர்கள் எத்தனையோ வருஷம் போராடினதுக்கு இந்த மழையும் ஒரு காரணம். தலைக்கு மேல மேகம் கட்டினா அடுப்பு எரியுமான்னு கவலைப்பட்ட ஜனங்கதான் மாரியம்மனுக்குக் கோயில் கட்டி, அவளிடமே மழையும் கேட்டு, வெட்டு நேரத்தில் பெய்ய வேண்டாம்னும் கேட்டாங்க.

சரி, நடைக்கு வருவோம்.

நாங்க 32 பேர், தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால், காலை நாலு மணிக்குப் பூஜை முடித்துக் கிளம்பினோம். முதல் நாள் ரவாங் வரைக்கும், இரவு அங்கே தங்கல், மறுநாள் பத்துமலை. மொத்தம் 50 கிலோமீட்டரை ஒட்டி வரும். 2007இல் நம்ம ஊர் பேர் பெஸ்தாரி ஜெயான்னு மாறிடுச்சு. சாலைப் பலகை மாறினாலும் நம்ம வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

ஊர் எல்லை தாண்டினதுமே தூறல். செம்பனை ஓரத்து பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினோம். எட்டுப் பேர் நிக்கிற இடத்தில் 32 பேர். ஒரு தம்பி, "அண்ணே, இந்த மரம் எப்போ வந்தது? எங்கப்பா காலத்தில் எல்லாம் ரப்பர்னு சொல்வாரே"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. செம்பனை இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் நடப்பட்டது நம்ம கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான், 1917இல், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் வாங்கினார். இன்னிக்கு உலகத்துக்கே பாமாயில் விற்கிற தொழில், நம்ம ஊர் பக்கத்தில் தமிழ்ப் பேர் உள்ள ஒரு தோட்டத்தில் ஆரம்பிச்சது. துரைக்குப் பிரான்சில் பரிசு கிடைச்சது. காடு வெட்டி, நாற்று வச்சு, குலை சுமந்த நம்ம ஆளுங்க பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோயில் கல்வெட்டில் "உபயம்"னு போட்டிருக்கிற பேர்கள்தான் நமக்கு மிச்சம்.

ஒன்பது மணிக்கு மேல மழை பிடிச்சது. தூறல் இல்லை, நல்ல கனத்த மழை. ரப்பர் செருப்பு சேற்றில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அம்மாமார்கள் பால்குடத்து வாயை வாழை இலையால் மூடி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கட்டினாங்க. பத்து ஆராங்கில் ஒரு சீனர் கோப்பிக்கடையில் ஒதுங்கினோம். விரதக்காரங்க எதுவும் வாங்கிச் சாப்பிட மாட்டாங்கன்னு தெரிஞ்சும் அந்த தவுக்கே நாற்காலியெல்லாம் நகர்த்தி இடம் கொடுத்து, சுடுதண்ணி மட்டும் ஒரு பெரிய கேத்தலில் கொண்டு வந்து வச்சார். காசு வாங்கலை.

பத்து ஆராங் என்றால் கரிக்கல், அதாவது நிலக்கரி. 1915 முதல் 1960 வரை இங்கே நிலக்கரிச் சுரங்கம் ஓடியது. மலாயாவின் ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் எரிஞ்சது இந்த மண்ணுக்கடியில் இருந்து வெட்டின கரிதான். சீனர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லாரும் வேலை செய்தாங்க. 1937 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து சுரங்கத்தையே கைப்பற்றிக்கொண்டு, ஆயுதப் போலீஸ் வந்துதான் அடக்கினாங்க. குவாங்கில் இருந்து பத்து ஆராங் வழியா நம்ம ஊர் வரைக்கும் கிளை ரயில் பாதை ஒன்று இருந்தது. இப்ப தண்டவாளம் இல்லை. செங்கல் சூளையின் உயரமான புகைபோக்கி மட்டும் புதருக்கு மேல நிக்குது. மழையில் அது கறுப்பா பளபளன்னு தெரிஞ்சது. நம்ம குழுவில் ஒரு பாட்டி அதைப் பார்த்துக் கும்பிட்டாங்க. கோபுரம்னு நினைச்சுட்டாங்களோன்னு பார்த்தா, இல்லை. "எங்க மாமனார் இங்கதான் கரி வெட்டினார்டா"ன்னு சொன்னாங்க.

மூணாவது ஒதுங்கல்தான் இந்தப் பதிவை எழுத வச்சது. பத்து ஆராங் தாண்டி, புதுப் புது வீடமைப்பு வாசல்கள் வரிசையா வருமே, அந்தப் பக்கம். வீடமைப்புச் சுவருக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு சின்னக் கோயில். தகரக் கூரை, சுற்றி ஒரு ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. தோட்டம் இல்லை, லயம் இல்லை, ஆயக்கொட்டகை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அம்மன் மட்டும் இருக்கா. உள்ளே பத்துப் பேர், மற்றவங்க கூரை நுனியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்னோம். அப்போ அதே பாட்டி மழைக்குள்ளேயே கையை நீட்டி, "அதோ அந்த கார் நிக்குதே, அங்கேதான் கிணறு. அந்த மின்சாரக் கம்பம் கிட்ட கங்காணி வீடு. இந்தக் கோயிலுக்குப் பின்னால ரெண்டு வரிசை லயம்"னு ஒவ்வொன்றா சொல்ல ஆரம்பிச்சாங்க. அவங்க கல்யாணம் ஆகி வந்த டிவிஷன் அது. அரை மணி நேரம் மழை விடலை, அவங்களும் விடலை. சப்பானியர் காலத்தில் அந்த லயத்தில் இருந்து சயாம் மரண ரயில் போட ஆள் பிடிச்சுக்கொண்டு போனதை, தன் மாமியார் சொல்லிக் கேட்டதா சொன்னாங்க. போனவங்க யார் யார், எந்தக் கதவு, யார் திரும்பலை என்று. அங்கே நின்ன பிள்ளைங்க போனை உள்ளே வச்சுட்டாங்க, நனையும்னு மட்டும் இல்லை.

அந்த வழியா கார்ல நான் நூறு தடவைக்கு மேல போயிருக்கேன். 80இல் போகிற கார்ல அந்தக் கோயில் மூணு செகண்ட். தோட்டம் போயிடுச்சு, ஜனங்க தாமான்களுக்குச் சிதறிப் போயிட்டாங்க. எந்தக் கோயில் எந்தத் தோட்டத்துக் கோயில்னு சொல்ல இனி பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஆள் இருக்க மாட்டாங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து, இது அனுமதி இல்லாத கட்டடம், எப்போ வந்ததுன்னு கேட்டா, "நாங்க எண்பது வருஷமா இருக்கோம்"னு சொல்லத் தெரிஞ்சிருக்கணும். அது ஃபைலில் இருக்கோ இல்லையோ, நடக்கிறவங்க ஞாபகத்தில் இருக்கு.

இடும்பன் கதை எல்லாருக்கும் தெரியும். சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் காவடியா தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன், களைச்சுப் போய் ஒரு இடத்தில் இறக்கி வச்சான். மறுபடி தூக்க முடியலை. இறக்கி வச்ச இடம்தான் பழநி. காவடியின் மூலக் கதையே ஒருத்தன் வழியில் நின்ன கதைதான் என்று எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது.

ஈழத்துக் கதிர்காம யாத்திரையைப் பற்றியும் இங்கே சொல்லணும், நம்ம முடிவுக்கு அது உதவும். வடக்கே தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் கிளம்பி, கிழக்குக் கரையோரமா ஒன்றரை மாசத்துக்கு மேல நடக்கிறாங்க. வற்றாப்பளை கண்ணகி அம்மன், திருகோணமலை கோணேசர், வெருகல், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர், மண்டூர், திருக்கோவில், உகந்தை மலை என்று கோயில் கோயிலா போய், யால காட்டுக்குள்ளே புகுந்து கதிர்காமம் சேர்றாங்க. அந்த யாத்திரை வைகாசியில் கிளம்புறது சும்மா இல்லை. கிழக்குக் கரைக்கு மார்கழியில்தான் பெருமழை. வைகாசி, ஆனியில் ஆறுகள் வடிஞ்சிருக்கும், கும்புக்கன் ஆற்றை இறங்கிக் கடக்கலாம். தண்ணீர் பார்த்து நாள் குறிச்சாங்க. வழியில் உள்ள ஊர்க்காரங்க சோறு போடுறாங்க. நடக்கிறவங்க வர்ற நாள் அந்தந்த ஊர்க் கோயிலுக்கும் விசேஷ நாள்.

19ஆம் நூற்றாண்டில் காலரா பயத்தில் வெள்ளைக்கார அரசு கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டது. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ஃப் திருவிழாவை மேற்பார்வை பார்க்கக் காட்டுக்குள் போய்த் தங்கியிருக்கார். கட்டுப்பாட்டுக்கெல்லாம் அந்த நடை நிக்கலை. 1983 கலவரமும் போரும்தான் நிறுத்திச்சு. 1988இல் கதிர்காம பக்தர்கள் அறக்கட்டளையும், பாட்ரிக் ஹாரிகன் என்கிற அமெரிக்கரும், கிழக்கிலங்கை சாமிமாரும் சேர்ந்து ஒரு சிறு கூட்டமா மறுபடி ஆரம்பிச்சாங்க. போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வழி தெரிஞ்ச பழைய ஆளுங்க உயிரோடு இருந்ததால்தான் முடிஞ்சது. அஞ்சு வருஷம் விட்டதை எடுக்க முடிஞ்சது. அம்பது வருஷம் விட்டிருந்தா எந்த ஊரில் எந்தக் கிணற்றில் தண்ணி குடிக்கலாம்னு யாரைக் கேட்பாங்க?

மழையில் நடக்கிறது நமக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. பண்டரிபுரத்துக்கு மராட்டிய ஜனங்க ஆஷாட ஏகாதசிக்கு நடக்கிறது சரியான மழைக்காலத்தில். ஆளந்தியில் இருந்து ஞானேஸ்வரர் பாதுகை, தேஹுவில் இருந்து துக்காராம் பாதுகை, மூணு வாரம் நடை. விதைப்பு முடிச்ச விவசாயிங்க, தலையில் பிளாஸ்டிக் போர்வையும் கையில் தாளமுமா, லட்சக்கணக்கில் போறாங்க. மழை வந்தா சந்தோஷம், வயலுக்கு ஆச்சு.

நம்ம நடைக்குத் திரும்புறேன். சாயங்காலம் ரவாங் போய்ச் சேர்ந்தபோது மழை நின்னு, தெரு விளக்கு எரிஞ்சது. ரவாங் விளக்குக்கு ஒரு கதை இருக்கு. 1894இல் இந்த ரவாங்கில்தான் தீபகற்ப மலேசியாவிலேயே முதல் முறையா மின்சாரம் பயன்படுத்தினாங்க, ஈயச் சுரங்க வேலைக்கு. இயந்திரம் வச்ச ரெண்டு பேரில் ஒருத்தர் லோக் இயூ. இன்னொருத்தர் தம்புசாமிப் பிள்ளை. ஆமா, அவரேதான். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873இல் அமைய முன்நின்ற அதே குடும்பம். பத்துமலைக் குகையின் வாயில் வேல் வடிவத்தில் இருப்பதைக் கண்டு, அங்கே வேல் நாட்டி, 1892 முதல் தைப்பூசம் நடக்க வழி செய்த அதே மனுஷன். வேலை எடுக்கச் சொல்லி வெள்ளைக்கார அதிகாரி உத்தரவு போட்டதும், வழக்காடி ஜெயிச்சதும் நம்ம பெரியவங்க சொல்லி வந்த வரலாறு. 1902இல் அவர் காலமானார். அந்தக் காலத்தில் குகைக்குப் படியே கிடையாது. 1920இல்தான் மரப்படி வந்தது, இப்ப நாம ஏறுற 272 படி அதுக்கும் பிறகு. மழை நாளில் காவடியோடு அந்தச் சுண்ணாம்புப் பாறையில் ஏறினவங்களை நினைச்சா, நம்ம பாதக் கொப்புளம் பேச்சுக்கே இல்லை. நமக்கு ஆரம்பம், முடிவு ரெண்டு இடத்தையும் சேர்த்து வச்ச ஒருத்தர் நம்ம வழியிலேயே நடுவில் இருந்திருக்கார். பஸ்ஸில் போனா ரவாங் வெறும் சிக்னல்.

இப்ப நியாயத்தைப் பேசுவோம். "நம்ம முன்னோர் நடந்தாங்க, அதனால் நாமும் நடக்கணும்"னு சொன்னா அது முழு உண்மை இல்லை. நம்ம அப்பா அம்மா பாதிப் பேர் தோட்டத்து லோரியில் ஏறி, நின்னுகொண்டே பத்துமலை போனவங்க. முருகன் அவங்களுக்குக் குறைச்சுக் கொடுக்கலை. 2010க்குப் பிறகு கொமுட்டர் ரயில் பத்துமலை வாசலிலேயே இறக்கி விடுது. போக வழியா இல்லை? 2021இல் கோவிட் நேரம், பக்தர் கூட்டமே இல்லாமல் வெள்ளி ரதம் மட்டும் போச்சு, அந்த வருஷமும் தைப்பூசம் தைப்பூசம்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவன், ஈரத் தரையும் தூக்கமில்லாத ஆளும் சேர்ந்தா என்ன நடக்கும்னு கண்ணால் பார்த்தவன். ரவாங் சாலையில் மண் லோரி போகிற வேகத்துக்கு, மழையில் பிரேக் பிடிக்காது. அதனால் நான் கேட்கிறது இவ்வளவுதான். அறுபத்தைந்து தாண்டினவங்க, பன்னிரண்டு வயசுக்குக் கீழே உள்ளவங்க, சர்க்கரை நோய்க்கு ஊசி போடுறவங்க பஸ்ஸில் வரட்டும். ஆனா பஸ் நேரா பத்துமலை போக வேண்டாம். மூணாவது ஒதுங்கின கோயிலில் காத்திருக்கட்டும், பாட்டியும் அதில் வரட்டும். மற்றவங்க நடப்போம், எல்லாருக்கும் ஒளிரும் அங்கி, முன்னும் பின்னும் ஒரு வண்டி. இடி இடிச்சா நடை நிக்கும், மரத்தடியில் யாரும் நிக்கக் கூடாது, கூரை உள்ள இடத்துக்குள் போய்டணும். எந்தக் கூரை என்பதைத்தான் இப்பவே குறிச்சு வைக்கணும்.

அதுக்குத்தான் உங்க உதவி. ரவாங் சாலை நெடுக, பத்தாங் பெர்ஜுந்தாய் முதல் செலாயாங் வரைக்கும், மிச்சம் இருக்கிற தோட்டத்துக் கோயில்கள் எவை, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் காலத்தில் கட்டினது, லயம் எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று தெரிஞ்சவங்க கீழே கமெண்டில் எழுதுங்க. எழுத வராதவங்க குரல் பதிவு அனுப்பலாம். பழைய திருவிழா நோட்டீஸ், கல்யாண போட்டோ எதிலாவது கோயில் பின்னால் தெரிஞ்சாலும் போதும். வரும் ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் பெரிய வரைபடம் ஒன்றை விரிச்சு வைப்பேன், பென்சிலும் இருக்கும். பெரியவங்க மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாங்க.